ரிஸ்னா எழுதிய பத்து நிஃமத்துகள்

போன வாரம் மாத்தளையில் ஆசிரியர்களுக்கான உளவளப் பயிற்சி. விரிவுரை செய்த தம்பி ஆளுக்கொரு புதுக் கொப்பி தந்து, "உங்களுக்குக் கிடைத்த அருள்களை எழுதுங்க, மனசு லேசாகும்" என்றார். விரித்ததும் புதுத்தாள் வாசனை. எனக்கோ மனசு கனத்துப்போனது. அந்த வாசனையோடு என் பழைய மாணவி ரிஸ்னா நினைவுக்கு வந்துவிட்டாள்.

மாத்தளையின் நாலந்தாப் பக்கத்துப் பாடசாலையில் இஸ்லாம் பாடம் எடுக்கப் போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. தெரியாத பதில் ஒன்றுமில்லை என்ற நினைப்பு. கேட்காமலே அல்லாஹ் தந்தவைதான் நிஃமத், அருட்கொடை என்று விளக்கி, ஆறாம் வகுப்பைப் பத்து எழுதி வரச் சொன்னேன். வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டவும் சொன்னேன். அது என் சொந்த யோசனை, பெருமை வேறு.

இரண்டு நாள் கழித்து ரிஸ்னாவின் வாப்பா, மனைவியின் கையைப் பிடித்தபடி வந்தார். சீகிரியாவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போகும் ஓட்டோ ஓட்டியவர். சீனி வருத்தம் என்னும் நீரிழிவில் அந்த வருடம்தான் இரண்டு கண்ணும் போயிருந்தது. எனக்கு அது தெரியாது.

"புள்ள மொதல்ல கண் எண்டு எழுதீக்கா டீச்சர். வாசிச்சுட்டு நடுவுல நிப்பாட்டிட்டா. வாப்பாக்குத் தந்தத அல்லாஹ் ஏன் திருப்பி எடுத்தான் எண்டு கேக்குறா. எனக்குச் செல்லத் தெரியல்ல. நீங்க படிச்சவங்க" என்றார் வாப்பா.

"அது சோதனை நானா. பொறுமைக்குக் கூலி ஈக்கு" என்றேன், அண்ணனிடம் பேசுவது போல.

"அதத்தான் நானும் சென்னேன். சோதனை ஒங்களுக்கா எனக்கா எண்டு கேக்குறா."

நான் படித்த புத்தகம் அதோடு முடிந்துபோனது. "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். வேண்டாம் என்றுவிட்டு, மனைவியின் கையைத் தேடினார்.

மறுநாள் ரிஸ்னாவின் கொப்பியில் கண் என்ற முதல் வரி கோடு போட்டு வெட்டப்பட்டிருந்தது. இரண்டிலிருந்து பத்து வரை அப்படியே இருந்தன. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் அவளுடைய உம்மா சொன்னார். ரிஸ்னா வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டே நடக்கிறாளாம். தான் மட்டும் பார்த்தால் வாப்பாவுக்குக் கவலை என்கிறாளாம். அவள் கதவு நிலையில் மோதிய சத்தத்தில்தான் அவருக்கு விளங்கியிருக்கிறது. "அண்டைக்கு அவர் அழுத அழுகை டீச்சர்... கண் போன நேரம் கூட அப்படி அழல்ல."

ரிஸ்னாவைக் கூப்பிட்டேன். நெற்றியில் வீக்கம். பார்ப்பது குற்றமில்லை மகள், பார்த்து வாப்பாவுக்குச் சொன்னால் அவருக்கும் ஆறுதல் என்றேன். பொறுமையாகக் கேட்டாள். என்மேல் இரக்கப்பட்டது போலிருந்தது.

"சரி டீச்சர்" என்றாள்.

அந்த லீவோடு உம்மாவின் ஊருக்குப் போய்விட்டார்கள். பாடசாலை விடுகைப் பத்திரம் வாங்க அவளுடைய மாமாதான் வந்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "ஈக்கிறா" என்றார், இருக்கிறாள் என்று மட்டும்.

இப்போதும் அந்தப் பாடம் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் இன்றும் முதலில் கண் என்றுதான் எழுதுகிறார்கள். வீட்டில் வாசிக்கச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டை இடித்து மிளகுக்கொடி நட்டாயிற்று. மாமாவும் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். ரிஸ்னா எங்கே என்று கேட்பதற்கு எனக்குத் தெரிந்தவர் எவரும் ஊரில் இல்லை.