பனிக்குள் இரண்டு கொடிகள்

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். துணி எடுக்கவும் டாக்டரைப் பார்க்கவும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் மறக்க முடியாதது போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்ததுதான்.

அதிகாலை ஐந்து மணிக்கு நானும் மகள் நிவேதாவும் பஸ் ஏறினோம். கர்நாடக அரசு பஸ்ஸில் அந்த மாநிலப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் ஆதாரில் ஓசூர் முகவரி இருப்பதால் இருவருக்கும் நூற்று முப்பது ரூபாய். நிவேதா வழக்கம்போல ஜன்னலோரம் பிடித்துக்கொண்டாள். அத்திபெலே தாண்டியபோது வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை. எதிர்லாரிகளின் விளக்குகள் வந்தன. லாரிகள் வந்ததாகவே தெரியவில்லை.

நிவேதாவுக்கு இருபத்திரண்டு வயது. கால்பந்து நடுவர் தேர்வில் தேறி ஆறு மாதம் ஆகிறது. அதுவரை அவள் நடத்திய ஆட்டங்களில் கோட்டோரம் கொடி பிடித்தவர்கள் ஆடும் அணிகளின் ஆட்களே. தன் அணிக்கு ஆபத்து என்றால் உடனே கொடி ஏறும். "பந்து வெளிய போச்சான்னு மட்டும்தான் அவங்க கிட்ட பார்க்கணும்மா. மத்ததுக்குக் கொடி தூக்கினா கண்டுக்கவே கூடாது" என்பாள். அன்றுதான் முதல்முறையாக, எந்த அணியையும் சேராத துணை நடுவர்கள் இருவர் அவளுடன் வேலை செய்யப் போகிறார்கள். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் அடுத்த நிலைக்கு அவளை எடுப்பார்கள்.

சாந்தி நகரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஜீவனஹள்ளிக்கு இருநூறு ரூபாய்.

"பாப்பா ஃபுட்பால் ஆடுதா மேடம்?" என்றார் டிரைவர்.

"இல்லைங்க, ரெஃப்ரி."

"ஐயையோ! ரெண்டு பக்கமும் திட்டு வாங்கறதுக்கு இவ்ளோ ஜல்தியா எழுந்து வந்தீங்களா?"

நிவேதா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மைதானம் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. துணை நடுவர்கள் முன்பே வந்திருந்தார்கள். ஒருவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த பிரான்சிஸ். என் வயது இருக்கும். இன்னொருவர் மஞ்சுளா, கன்னடப் பெண், தமிழும் தண்ணீர்பட்ட பாடு. நிவேதா மைதானத்தின் நடுவில் போய் நின்றாள். அங்கிருந்து இரண்டு கோல் கம்பங்களும் தெரிந்தால்தான் ஆட்டம் தொடங்கலாம். ஒன்றும் தெரியவில்லை. காத்திருந்தோம்.

"நிவி, நான் கொடி தூக்கி நீ பார்க்கலைன்னா இறக்கவே மாட்டேன்" என்றார் பிரான்சிஸ். "எனக்கு எதிர்க்கோட்டுல மஞ்சு என் கொடியைப் பார்த்துட்டு அவளும் தூக்குவா. ரெண்டும் மேல இருந்தா உடனே ஆட்டத்தை நிறுத்தணும், புரியுதுல்ல?"

"புரியுது சார்."

"வெறும் தலையாட்டாதேம்மா. எங்களைப் பாரு. அடிக்கடி பாரு."

ஏழரைக்குக் கம்பங்கள் தெரிந்தன. விசில் ஊதினாள். நான் பிரான்சிஸுக்குப் பின்னால் கோட்டோரம் நின்றேன். அந்தப் பக்கம் என்னைத் தவிர யாரும் இல்லை.

இடைவேளைக்குச் சற்று முன் நீல அணிப் பையன் ஒருவன் எதிராளியோடு தலை மோதி விழுந்தான். நிவேதா ஓடிப்போய்க் குனிந்து விசாரித்தாள். எழுந்து கட்டைவிரலைக் காட்டினான். ஆட்டம் தொடர்ந்தது. அப்போதுதான் பனி திரும்பி வந்தது. யாரோ வெள்ளைத் திரையை இழுத்துவிட்டதுபோல முதலில் தூரத்துக் கோல் மறைந்தது. பிறகு பந்து மறைந்தது. எல்லோரும் அந்த வெண்மைக்குள் ஓடினார்கள். உள்ளிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

தலை மோதிய அந்த நீலச் சட்டைக்காரன் மட்டும் எங்கள் முன்னால் நின்றான். யாரோ கூப்பிட்டதுபோல் மெல்லத் திரும்பினான். சத்தமே இல்லாமல் சரிந்தான்.

பிரான்சிஸின் கொடி ஏறியது. அதை உதறினார். "ரெஃப்!" என்று கத்தினார். அதே நேரம் பாதையில் சரக்கு ரயில் ஒன்று வந்தது. அதன் பிறகு அவர் வாய் திறந்து மூடியது மட்டும் தெரிந்தது. நானும் மகள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிரான்சிஸ் நின்ற இடத்திலிருந்தே என் காதருகே சாய்ந்து கூவினார். "நீங்க போங்கக்கா! அவனை ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க! நான் நகர்ந்தா யாருக்கும் இடம் தெரியாது!"

ஓடினேன். பையனின் கண்களில் வெள்ளை மட்டும் இருந்தது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. தோளைப் பிடித்துப் புரட்டினேன். பெட்டிகள் முடியாமல் போய்க்கொண்டே இருந்தன. நிமிர்ந்தபோது பனி ஓரிடத்தில் விலகியிருந்தது. எதிர்க்கோட்டில் மஞ்சுளா கொடியை உயர்த்தியபடி நின்றாள். இந்தப் பக்கம் பிரான்சிஸ். இருவரும் அசையவில்லை. நடுவில் என் மகள் ஓடிக்கொண்டிருந்தாள்.

மஞ்சுளாவின் கொடியை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, அதைக் கடந்து ஓடினாள்.

இப்போதும் தூக்கத்தில் எனக்கு வருவது அந்த ஓட்டம்தான்.

பிறகு நின்றாள். திரும்பி மஞ்சுளாவைப் பார்த்தாள். மஞ்சுளா மறு கையை எங்கள் திசையில் நீட்டினாள். ரயிலையும் மீறி விசில் கேட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு முதலுதவி ஆட்கள் ஓடிவந்தார்கள்.

பையனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பனி முற்றிலும் விலகிய பிறகு ஆட்டம் மீண்டும் தொடங்கியது. அதன் பின் நிவேதா பந்தைப் பார்த்ததைவிடக் கோடுகளைத்தான் அதிகம் பார்த்தாள். அடுத்த நிலைக்கு எடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தும், மூவர் இருக்கையின் நடுவில் உட்கார்ந்தாள். "கொடி தெரிஞ்சுதும்மா" என்றாள். "யாரோ டீம் ஆளுன்னு கால் அதுபாட்டுக்கு ஓடுச்சு. அப்புறம்தான் மஞ்சு அக்கா யாரோட ஆளும் இல்லைன்னு ஞாபகம் வந்துச்சு."

எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் பிரான்சிஸ் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணு முழிச்சுட்டான் நிவி. தலைக்குள்ள கொஞ்சம் வீக்கமாம், ரெண்டு நாள் வெச்சுப் பார்ப்பாங்க. முழிச்சதும் என்ன கேட்டான் தெரியுமா? ஸ்கோர் என்னன்னு."

நிவேதா சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். அத்திபெலேயில் ஒரு பெண் ஏறி அவளுக்கு மறுபக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நிவேதா அவளை ஒருமுறை பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகுதான் கண்களை மூடினாள்.

ஓசூர் வரும்வரை நான் மூடவில்லை.