கணவர் பெயரைக் கேட்காத தரகர்

பினாங்கில் கடை வேலையிலிருக்கும் என் கணவரிடம் போய்ச் சேர விசா வேண்டி, என்னைப் பெற்ற நைனாவும் நானும் செஞ்சி கடைத்தெருவில் ஒரு தரகரிடம் போனோம். அவர் ஆங்கிலப் பாரத்தை மளமளவென்று நிரப்பி நீட்டினார்.

"கையெழுத்து போட்டுட்டு கெளம்பும்மா. மீதிய நான் பாத்துக்கறேன்."

கணவர் பெயரை வாயால் சொல்ல வேண்டுமே என்று கூசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. நிம்மதியாகக் கையெழுத்திட்டேன்.

எங்கள் ஊர் சிங்கவரத்துக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது.

"நைனா, அவரு பேர நீ சொன்னியா?"

"இல்லியே! நீ எழுதிக் குடுத்தியா?"

நான் எழுதியும் கொடுக்கவில்லை. உடனே திரும்பி ஓடினோம். தரகர் முனகமுனகப் பாரத்தைப் பிடுங்கி, தபாலாபீஸ் குமாஸ்தாவிடம் காட்டினோம்.

"கல்யாணம் ஆகாதவ, ஊர் சுத்திப் பாக்க மூணு வாரம் போறான்னு இருக்குதும்மா. இதுல போனா மூணே வாரத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

"அதான் சீக்கிரம் கெடைக்கும்" என்றார் பின்னாலேயே வந்து நின்ற தரகர், கூசாமல்.

மனைவி என்றே எழுதி வேறு பாரம் போட்டேன். மாதக்கணக்கில் காத்திருந்துதான் கிடைத்தது.

இப்போதெல்லாம் எந்தப் பாரமானாலும், யாரும் கேட்கும் முன்பே அவர் பெயரை உரக்கச் சொல்கிறேன். எழுதியதை இன்னொருவர் படித்துச் சொன்ன பிறகே பேனாவைத் தொடுகிறேன். மாமியார் முறைக்கிறார், முறைக்கட்டும்.