சுட்ட கை

மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் அனலக்கா. இன்னும் அரை மணி நேரத்துக்குக் காபி கிடையாது. கணவர் தம் தம்ளரைத் தொட்டால் போதும், "இங்க வாசனை காட்டாதீங்க, வெளிய போய்க் குடிங்க" என்று விரட்டுகிறாள். பாவம் மனிதர், தினமும் மாடிப்படியில் நின்று குடிக்கிறார்.

அனலக்கா என்பது பேக்கரியில் வைத்த பெயர். அங்கே அடுப்பு அவள் ராஜ்ஜியம். கையை உள்ளே நீட்டி எண்ணுவாள். எட்டுக்குள் கை தானாக வெளியே வந்துவிட்டால் சூடு பதம். இருபது வருஷத்தில் ஒரு நாள் தப்பியதில்லை.

சென்ற வருஷம் அந்தக் கை பன்னிரண்டு வரை உள்ளேயே இருந்தது. "சூடே ஏறல" என்று தீயைக் கூட்டினாள். பிரெட் கரிக்கட்டையாக வந்தது. அடுப்பைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், ஒரு குறையும் இல்லை என்று போய்விட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று முதலாளி எல்லோர் காதிலும் விழச் சொன்னார். அனலுக்கு முன்னால் ஸ்வெட்டர் போட்டு நிற்பவளை, உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிபவளை யார்தான் நம்புவார்கள்? பொட்டலம் கட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். உடம்பு வேறு ஊதிக்கொண்டே போனது. "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கினா வேற என்ன ஆகும்?" என்றாள் நாத்தனார். அரை வயிறு சாப்பிட்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

கணவர்தான் விடாப்பிடியாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். ரத்தப் பரிசோதனை முடிந்தது. "கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி மந்தமாயிடுச்சும்மா. குளிர், தூக்கம், எடை, கை மரத்துப்போறது, எல்லாம் அதனாலதான். தினம் ஒரு மாத்திரை. அநேகமா ஆயுசுக்கும்."

ஆயுசுக்கும் மாத்திரை என்றால் யாராவது சிரிப்பார்களா? இவள் சிரித்தாள். "அப்ப நான் சோம்பேறி இல்லையா டாக்டர்? இதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, நாத்தனார்கிட்ட நீட்டணும்!" சிரித்துக்கொண்டே அழுதும் விட்டாள்.

மாத்திரை ஒரே நாளில் மாயம் செய்துவிடவில்லை. இரண்டு தடவை அளவை மாற்றினார்கள். தூக்கம் மெல்ல விலகியது, விரல்களில் உணர்ச்சி திரும்பியது. ஐந்தாம் மாதம் முதலாளியிடம் போய் நின்றாள். "ஒரே ஒரு தடவை கைய விட்டுப் பாக்கறேன். தப்பினா அப்புறம் அடுப்புப் பக்கமே வரமாட்டேன்."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே அடுப்புக் கதவைத் திறந்துவிட்டார். வேலையாட்கள் எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவள் எண்ணத் தொடங்கினாள். ஐந்து, ஆறு, ஏழு...

"ஐயையோ, சுடுதே!"

சிவந்த விரல்களைத் தண்ணீரில் நனைக்கக்கூட இல்லை. புது மோதிரம் போட்டவள் மாதிரி, ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டிக் காட்டிக்கொண்டே போனாள்.