தறி நின்றதும் கேட்ட சத்தம்

நான் உள்ளே நுழைந்தபோது சுப்பையா அண்ணன் கழுத்திலிருந்து தொடை வரை புற்றுமண் பூசிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்துக் கூடத்தில் நான்கு விசைத்தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மனைவி கோமதி அக்கா அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் விஷயத்தைச் சொன்னார். இரண்டு நாளாக உடம்பெல்லாம் அரிப்பாம். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியதில் கொஞ்சம் தேவலையாம்.

சங்கரன்கோவிலில் இதில் அதிசயம் இல்லை. அரிப்பு என்றால் இங்கே முதல் வைத்தியம் அதுதான். நர்ஸ் படிப்பு படித்த நானே வேனல் கட்டிக்குப் பூசியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் இளம் நர்ஸுகளுக்காகக் கொஞ்சம் விவரம். மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர் அண்ணன். கால்கள் விறைத்துக்கொண்டு ஒன்றையொன்று பின்னும். அதற்காக வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்ப் வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக முதுகுத்தண்டுக்குள் மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். தீருவதற்குள் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய் ரீஃபில் செய்ய வேண்டும். மருந்து திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து. அந்தத் தேதியைக் கவனிப்பதுதான் ரிட்டயர் ஆகும் வரை என் வேலை.

நோட்டைப் பார்த்தேன். ரீஃபிலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வேர்க்குருவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

தறிச் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்ச நேரம் கேட்டால் அது சத்தமாகவே தெரியாது. நாம்தான் அதற்குள் மிதந்துகொண்டிருப்போம். மத்தியான வெயில் ஓட்டுக் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழுந்தது. அதில் பஞ்சுத் துகள்கள் மேலும் கீழும் நீந்தின. எனக்குக் கண் சொக்கியது.

"சிஸ்டர், ஓட்டுக்கடியில யாரு பாவு இழுக்கா? நீல நூலா ஓடுதே" என்றார் அண்ணன்.

நானும் நிமிர்ந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் அந்த நூல் தெரிந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த நொடியே பயம் வந்துவிட்டது. காலைத் தொட்டேன். உலக்கை மாதிரி விறைத்துப்போய்ச் சுட்டது.

அப்போது கரண்ட் போனது.

நான்கு தறிகளும் நின்றன. பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், ராவும் பகலும் ஓடுகிற அந்தத் தெருவின் அத்தனை தறிகளும் நின்றன. தண்ணீருக்குள் முங்கியது போல ஒரு அமைதி. எங்கோ ஒரு காகம் கரைந்தது. பிறகு, மண் பூசிய அந்த வயிற்றுக்குள்ளிருந்து மெல்லிய 'பீப்' ஒன்று கேட்டது. நாங்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். சற்றுக் கழித்து மறுபடியும் கேட்டது.

"இது எத்தன நாளா அடிக்கோ தெரியலையே" என்று கோமதி அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மருந்து தீர்ந்துவிட்டது என்று பம்ப் அடிக்கிற அலாரம் அது. அரிப்பும், விறைப்பும், காய்ச்சலும், இல்லாத நூலும் எல்லாம் அதனால்தான். டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்ன அளவில் அவசரத்துக்கென்று வைத்திருந்த அதே மருந்தின் மாத்திரையைக் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றினோம். வழியெல்லாம் அண்ணன் நூலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று நானும் என்ன கலர், எத்தனை இழை என்று கேட்டுக்கொண்டே போனேன்.

ரீஃபில் ஆகி, இரண்டு நாள் ஐசியூவில் இருந்து பிழைத்தார். கால்கள் மெல்லத் தளர்ந்ததை என் கையாலேயே தொட்டுப் பார்த்தேன். வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

தப்பு என்னுடையது. போன தடவை டாக்டர் டோஸைக் கூட்டியிருந்தார். டோஸ் கூடினால் மருந்து சீக்கிரம் தீரும், ரீஃபில் தேதி முன்னால் வரும். சீட்டில் புதுத் தேதி இருந்தது. நான் அதைப் பார்க்காமல், பழைய கணக்கிலேயே நாளை எண்ணி நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டுக் காலண்டரிலும் என் கையாலேயே வட்டம் போட்டிருந்தேன். கோமதி அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து, பேனாவையும் என் கையில் கொடுத்தார்.

டோஸ் மாறினால் தேதியும் மாறும். அன்றே மாற்றி எழுதுங்கள். அரிப்பு என்றால் மண் பூச வேண்டாம் என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். "பூசுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அதன் பிறகு அந்த வீட்டில் தினமும் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் தறியை நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் தெருவே அடங்கியிருக்கும். கோமதி அக்கா குனிந்து அவர் வயிற்றில் காதை வைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல இப்பதான் சிஸ்டர் இவ எனக்குக் காது குடுக்கா" என்றார் அண்ணன்.

அக்கா தலையைத் தூக்கவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."