திரும்பி வராத பட்டை

ஒன்பது மீட்டர். திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எலாஸ்டிக் வியாபாரம் செய்யும் மஹ்னூரின் ஜீப்பில் கிடந்த நைலான் பட்டையின் நீளம் அது. சேற்றில் மாட்டிய வண்டியை இன்னொரு வண்டியால் பிடுங்கி எடுப்பதற்கானது. வாங்கிய அன்றே அளந்து, ஓரத்தில் மார்க்கரால் எழுதி வைத்தார். கடைக்குள் அளக்காமல் எதையும் விடாதவர், ஜீப்புக்குள் மட்டும் விடுவாரா?

பனியன் தொழிலில் ரெக்கவரி என்றால், இழுத்துவிட்ட துணி பழைய அளவுக்குத் திரும்புவது. ஜட்டி எலாஸ்டிக் வாங்க வருகிறவர் இழுத்து இழுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு ரெக்கவரி என்றால், மாட்டிய வண்டியை மீட்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண் பாதைகளில் ஜீப் ஓட்டப் போகும் பனியன்காரர்கள் குழுவில் மீட்புச் சாமான்கள் மஹ்னூர் பொறுப்பு. இரண்டு ரெக்கவரியும் அவருக்கு அத்துபடி.

போன ஐப்பசியில் அவிநாசிபாளையம் பக்கம் ஒரு குளத்துப் பள்ளத்தில் அவர் தம்பி ஆதிப்பின் ஜீப் அச்சு வரை புதைந்தது. வானம் கறுத்திருந்தது. ஓடையில் தண்ணீர் வந்தால் முதலில் நிறைவது அந்தப் பள்ளம்தான். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் ஜீப் அவ்வளவுதான்.

குழுவில் அருண்குமார் என்றொருவர், துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். நைலான் பட்டையைத் தன் வண்டியில் மாட்டி, வண்டியைச் சட்டென்று வேகமாக முன்னால் எடுத்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். பட்டை நீண்டு சுருங்கும் வேகத்தில் ஜீப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாவதுக்கு அவர் வண்டியைப் பின்னால் எடுப்பதற்குள், மஹ்னூர் பட்டையைக் கழற்றித் தரையில் நீட்டி இஞ்சி டேப்பை வைத்தார்.

"ஏனுங்கக்கா, ஜீப்புக்கு ஜட்டி தெக்கிறீங்களா?" என்றார் அருண்குமார். ஸ்டியரிங்கில் இருந்த ஆதிப்பும் சேர்ந்து சிரித்தார்.

அறுபது சென்டிமீட்டர் கூடியிருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்தார். குறையவே இல்லை. அருண்குமார் பக்கம் திரும்பினார்.

"இது திரும்பலீங்க தம்பி. ரெக்கவரி போன எலாஸ்டிக்க நீங்க பையருக்கு அனுப்புவீங்களா?"

மெர்ச்சண்டைசருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. திரும்பாத பட்டையை இன்னொரு முறை வெட்டி இழுத்தால் அறுந்துவிடும்; அறுந்த பட்டை சவுக்கு மாதிரி ஆள் மேல் பாயும். தன் வண்டியில் நீளாத பாலியஸ்டர் பட்டை ஒன்று இருப்பதை அவரே ஞாபகப்படுத்தினார். அதில் வெட்டி இழுக்க முடியாது, மெதுவாக மட்டுமே இழுக்கலாம். அப்படியானால் முதலில் சக்கரத்தை விடுவித்தாக வேண்டும்.

எல்லோரும் மண்வெட்டி எடுத்தார்கள். டயரில் காற்றைக் குறைத்து, அடியில் சாக்கு விரித்தார்கள். தோண்டிக்கொண்டிருக்கும்போதே ஓடையிலிருந்து முதல் தண்ணீர் பள்ளத்துக்குள் நெளிந்து வந்தது. சீக்கிரம் இழுக்கச் சொல்லி ஆதிப் குரல் கொடுத்தார். மஹ்னூர் அவசரப்படவில்லை. பட்டையின் இரு முனையும் பம்பரில் இல்லாமல் சேஸிஸ் கொக்கியில் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பட்டையின் நடுவே ஈரப் போர்வையைப் போட்டார். ஒருவேளை அறுந்தாலும் அது வேகத்தை அடக்கும். கீழே நின்ற எல்லோரும் பட்டையின் நீளத்தைவிடத் தள்ளிப் போன பிறகே கையைக் காட்டினார். அருண்குமார் முதல் கியரில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். தண்ணீர் பாதிச் சக்கரத்தைத் தொட்டபோது ஜீப் மேட்டில் ஏறியது.

பழைய பட்டையை அடுத்த நாளே கட்டிங் மெஷினில் கொடுத்துத் துண்டு போட்டுவிட்டார் மஹ்னூர். சும்மா கிடந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துவிடுவார்கள். புதுப் பட்டை வந்துவிட்டது. வரும் ஞாயிறு குழு மறுபடி கிளம்புகிறது. இஞ்சி டேப்பை அருண்குமார் கொண்டு வருகிறார்.