சாதாளை தொங்கிய மாலுமி

எண்பத்தாறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் இருந்தோம். எனக்குப் பதினான்கு வயது, பேய்க் கொமிக்ஸ் பைத்தியம். அட்டை கிழிந்த பழைய இதழ்கள் கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து சேரும். ஒவ்வொரு கதையையும் முக்காடு போட்ட ஒரு கிழவன்தான் சொல்வான். படத்தின் மூலையில் நின்றுகொண்டு, "வாருங்கள், பயந்தாங்கொள்ளிகளே" என்று இளிப்பான். அவனுடைய குரலில் வாசிக்க என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. பின்னேரங்களில் அவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் இருந்து வாசிப்பேன். அது அவருடைய கணவரின் வலை. கடலுக்குப் போன மனிதர் மாதக்கணக்காகத் திரும்பவில்லை; வள்ளமும் கரை சேரவில்லை. தேவாலயத்தில் இறந்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுக்கச் சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொல்லியும் அக்கா மறுத்துவிட்டார்.

அன்றைக்கு வாசித்த கதையில், கடலில் மூழ்கிய மாலுமி ஒருவன் எழுந்து தன் வீட்டுக்கு வருவான். தலையில் சாதாளை, கடலடிப் புல், கொத்தாகத் தொங்கும். கண் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு மை. எனக்கே முதுகு சில்லிட்டது. மனைவி கதவைத் தாழிட்ட இடத்தில் கிழவனைப்போல இழுத்து இழுத்துச் சிரித்தேன்.

"உந்தக் கிழவன் ஏன் சிரிக்கிறான்?" என்று அக்கா வலையைக் கீழே வைத்தார். "அந்த மனிசன் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்குது. அவள் ஏன் திறக்கிறாள் இல்லை?"

"அவன் செத்தவன், அக்கா."

"செத்தாலும் அவளின்ரை மனிசன்தானே. நான் எண்டால் திறப்பன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழவனை விட்டுவிட்டு, என் சொந்தக் குரலில், புத்தகத்தில் இல்லாததை வாசித்தேன். அவள் கதவைத் திறந்தாள், தலை துவட்டத் துவாய் கொடுத்தாள், சோறு போட்டாள்.

அக்கா எட்டிப் பார்த்தார். கடைசிப் படத்தில் பூட்டிய கதவு, வாசலில் ஈரக் காலடிகள்.

"படத்திலை கதவு பூட்டித்தானே கிடக்கு" என்றார். பிறகு வலையை மடியில் எடுத்துக்கொண்டார். "பறவாயில்லை, தங்கச்சி. சோறு போட்ட இடத்தை இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். அவர் கேட்டபோதெல்லாம் வாசித்தேன்.

நாங்கள் ஊரை விட்டு வரும்வரை அவருடைய கணவர் வரவில்லை. பிறகு அக்காவைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை. இப்போதும் அந்தப் படம் நினைவுக்கு வரும்போதெல்லாம், ஓடிப்போய் அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும்போல இருக்கிறது.