பூஜ்யமாவது ஏரி

சூயுன்பெக்கைக் கணக்கில் புலி என்று பிஷ்கெக்கில் யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக அவருக்கு ஒரே வேலைதான். பனியாறுகளின் அடியில் தேங்கும் ஏரிகளில் எது, எப்போது உடையும் என்று கணக்கிடுவது. அம்மா குடியிருக்கும் கிராமத்துக்கு மேலே ஒரு ஏரி தொங்கியது. அளவில் அற்பமானதுதான், ஆனால் அவர் கணக்குப் பட்டியலில் அதுதான் முதல் ஏரி. அறிவியலில் பாசத்துக்கு இடமில்லை என்பவர்களின் அம்மாக்கள் சமவெளியில் வசிக்கிறார்கள்.

ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல் வாரத்துக்கு ஒருமுறை ஓடி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. பனி இப்போது வாரக்கணக்கில் உருகுவதில்லை. கோடையிலிருந்து எச்சரிக்கை தினமும் வேண்டும். அதற்குப் புது மொழியில் எழுத வேண்டும். எந்த மொழி என்று கையெழுத்துப் போட வேண்டியவர் சூயுன்பெக். மே மாதமும் வந்துவிட்டது, அவர் பேனாவைத் திறக்கவில்லை.

"என்ன பைகே, பைத்தான்னு போட்டுட்டுப் போங்களேன்" என்றாள் அய்கானிஷ். அவருடைய பிரிவில் இளையவள். பைகே, அதாவது அண்ணன், என்ற உரிமையில் வம்புக்கு இழுப்பாள். "ஊரே அதுலதான் எழுதுது."

"ஊரே வோட்காவும் குடிக்குது. பைத்தான் எங்க தானா கணக்குப் போடுது? உள்ள ஒளிஞ்சிருக்கிற சி-யும் ஃபோர்ட்ரானும் மாடா உழைக்கும். இது வெளிய நின்னு பேர் வாங்கும். நம்ம துணை இயக்குநர் மாதிரி."

"அப்ப ஜூலியா மொழி? வேகமா ஓடும்."

"ஓடும். ஆனா..."

"ஆனா மொழியில இல்ல, உங்ககிட்டதான் இருக்கு. சொல்லுங்க."

சொன்னார். பாஸ்போர்ட்டில் வயது நாற்பத்தெட்டு. கருவில் இருந்ததையும் ஒரு வருடமாக எண்ணும் அம்மாவுக்கு அவர் வயது நாற்பத்தொன்பது. அது பன்னிரண்டாண்டுச் சுற்று நான்கு முறை முடிந்து மறுபடி தொடங்கும் வயது, கெட்ட வயது. அப்பா போனதும் அதில்தான். பிறந்தநாள் கழியும்வரை புதிதாக எதையும் தொடமாட்டேன் என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். மீசையைக்கூட மாற்றக் கூடாதாம்.

அய்கானிஷ் சிரித்திருந்தால் பிழைத்திருப்பார். அவள் யோசித்தாள்.

"பைத்தான் பூஜ்யத்துலேருந்து எண்ணும், பைகே. வயித்துல இருந்தது பூஜ்யமாவது வருஷம். அந்தக் கணக்குல உங்களுக்கு நாப்பத்தெட்டுதான். ஜூலியாவும் ஃபோர்ட்ரானும்தான் உங்கம்மா மாதிரி ஒண்ணுலேருந்து எண்ணும்."

மூடநம்பிக்கையிலிருந்து மனிதனை அறிவு விடுவித்து நான் பார்த்ததில்லை. நம்பிக்கையில் உள்ள ஓட்டைதான் விடுவிக்கிறது. சூயுன்பெக் அன்றே பைத்தானுக்குக் கையெழுத்துப் போட்டார். நிரலையும் தானே எழுதினார்.

ஜூனில் முதல் அறிக்கை வந்தது. எல்லா ஏரிகளுக்கும் பச்சை. பெருமையாக அம்மாவை அழைத்தார்.

"எல்லா ஏரியும் அமைதியா இருக்கு, அபா."

"அப்படியா, என் குதிரைக்குட்டி? நம்ம ஓடை காலையிலேருந்து சேறா வருதே?"

திரையைப் பார்த்தார். முதல் ஏரி அங்கே இல்லை. புது மொழியில் அது பூஜ்யமாவது ஏரியாகியிருந்தது; பழகிய விரல்கள் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தன. நிரல் முணுமுணுக்காமல் அம்மாவை விட்டுவிட்டு மற்றவர்களைக் கணக்கிட்டிருந்தது. திருத்தி ஓட்டினார். சிவப்பு.

அவர் எச்சரித்ததும் கிராமம் மேட்டுக்கு ஏறிவிட்டது. மாலையில் சேறு வந்து உருளைக்கிழங்கு வயல்களையும் அம்மாவின் கழிப்பறையையும் கொண்டுபோனது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் ஜூலியாவுக்கு மாற முடிவு செய்தார்கள். அதன் கணக்கில் சூயுன்பெக்குக்கு நாற்பத்தொன்பது என்பதால் கையெழுத்தை அய்கானிஷ் போட்டாள்.

அம்மா அழைத்தாள். "புதுசா எதையும் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க, அபா. தப்புதான்."

"சரி, கக்கூஸை எப்ப வந்து கட்டப்போற?"

"இந்த வருஷம் புதுசா எதுவும் கட்டக் கூடாதுன்னு நீங்கதானே..."

அம்மா முடிக்க விடவில்லை.

"அது எங்க புதுசு? இருந்ததைத்தானே திரும்பக் கட்டுற? பஸ் ஏறு."